சுதா அண்ணாவின் முழங்கைத் தழும்புகள்

காலை ஏழரை மணிக்குத் தொலைபேசி அடித்தபோது நல்ல செய்தி என்று நினைத்துத்தான் எடுத்தேன். முதல் நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுதா அண்ணாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. "காய்ச்சல் விட்டிட்டுது வாசுகி, நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை அனுப்பிவிடுவினம்," என்று சொல்லி, நான் கொண்டுபோன இடியப்பத்தில் இரண்டைச் சாப்பிட்டார். சொதி உப்புக் குறைவு என்று குற்றமும் பிடித்தார். அதைக் கேட்டு நான் நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

தொலைபேசியில் வந்தவர் கொட்டாஞ்சேனை மூக்குக்கண்ணாடிக் கடை ஹாஜியார். அண்ணா ஒன்பது வருடங்களாக அவரிடம்தான் வேலை செய்தார். "தங்கச்சி, புள்ளய எறக்கி வச்சிட்டு, ஒக்காந்து கேளுங்க," என்றார். என் இடுப்பில் மகள் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "சுதா தம்பி விடியக்காலைல போய்ட்டாரு."

டெங்கில் காய்ச்சல் விடும் நாள்தான் பொல்லாத நாள் என்பதை டொக்டர் பிறகு சொன்னார். எங்களில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அண்ணாவுக்கு இருபத்தொன்பது வயது. எத்தனையோ பேரைக் கொண்டுபோன இந்த யுத்தம் மிச்சம் விட்டுவைத்த மனிதரை நான்கு நாட்களில் ஒரு நுளம்பு கொண்டுபோய்விட்டது.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அப்பா கேட்டு இரண்டு கிழமையாகிறது. மற்றவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். அச்சகத்திலிருந்து இரண்டு தரம் ஆள் வந்து போய்விட்டது. ஒரு பக்கத்துக்குள் அடங்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணாவைக் கண்ணாடிக் கடையில் மட்டும் கண்டவர்களுக்கு, அவர் இந்த நாட்டின் இளைஞர் அணிக்குப் போகவிருந்த வேகப்பந்து வீச்சாளர் என்பது தெரியாது. மைதானத்தில் பார்த்தவர்களுக்கோ, அவர் ஏன் நின்றுவிட்டார் என்பது தெரியாது. இரண்டு பகுதியாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சுதாகரன் அண்ணா என் பெரியம்மாவின் ஒரே மகன். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கடலேரியை வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் பயண அனுமதிப் பாசுக்காகப் பத்து நாட்கள் காத்துக் கிடந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கே படிக்கவைத்தால் உயிரோடாவது இருப்பான் என்று பெரியம்மா அனுப்பியிருந்தார். பயணப்பைக்குள் இரண்டு சேட்டும், தோல் உரிந்த ஒரு கிரிக்கெட் பந்தும் இருந்தன. "சோதனைச் சென்ரியிலை நிண்டவன் குண்டோ எண்டு இதை இளநி மாதிரித் தட்டிப் பாத்தவன்," என்று சொல்லி அவர் சிரித்ததுதான் எங்கள் வீட்டில் கேட்ட அவருடைய முதற் பேச்சு. எனக்கு அப்போது பதினான்கு வயது. கூடப்பிறந்தவர் இல்லாத எனக்கு ஒரே நாளில் ஓர் அண்ணா கிடைத்தார்.

எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கி ரயில் பாதையோடு முடிகிறது. பின்னேரங்களில் ஒழுங்கைப் பெடியள் சோடாப் பெட்டியை விக்கெட்டாக வைத்து ரெனிஸ் பந்தில் விளையாடுவார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், எங்கள் ஆட்கள் எல்லோரும் கலந்ததுதான். அண்ணா தண்டவாளத்தடியிலிருந்து ஏற்றத்தில் ஓடிவந்து பந்து போடுவார். ஓடத் தொடங்கும்போது மெதுவாகத்தான் இருக்கும், யாரையோ கூப்பிடப் போகிறவர் போல. கடைசி ஐந்தாறு அடியில் என்ன நடக்கும் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பந்து பெட்டியில் பட்ட சத்தம்தான் முதலில் வரும். பக்கத்து வீட்டு ருவன் அவருக்கு 'யாழ்தேவி' என்று பெயர் வைத்தான். யாழ்தேவி ரயில் ஓடாமல் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. "ரயில் ஓடாட்டிப் பரவாயில்லை, இவன் ஓடுறான்தானே," என்பான்.

பம்பலப்பிட்டியில் படித்த பாடசாலையின் அணியில் முதல் வருடமே அவரைச் சேர்த்தார்கள். நிமல் சேர் அங்கேதான் அவரைக் கண்டார். கொழும்பில் ஒரு கழகத்தின் பயிற்சியாளராக இருந்தவர் அவர். வேறொரு பிள்ளையைப் பார்க்க வந்தவர், மட்ச் முடியும்வரை அண்ணாவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். முடிந்ததும் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: "மல்லி, உனக்கு இப்படி ஓட யார் சொல்லித் தந்தது?"

அண்ணா சொல்லியிருக்கிறார்: "ஹெலிகொப்டர், சேர்."

நிமல் சேர் சிரித்தாராம். ஊரில் ஹெலியிலிருந்து சுடும்போது ஓடிப் பழகியது என்று விளங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சனிக்கிழமைகளில் பயிற்சிக்கு வரச்சொன்னாராம்.

அந்த இரண்டு வருடங்கள் எங்கள் வீட்டுக் கொடியில் எப்போதும் ஒரு வெள்ளைக் காற்சட்டை காய்ந்துகொண்டிருக்கும். முழங்கால் பகுதியில் புல்லின் பச்சையும் இரத்தமும் கலந்த கறை. அம்மா எவ்வளவு உரஞ்சியும் அது போனதில்லை. பந்து வீசுகிறவர் வீசிவிட்டுச் சும்மா நிற்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணா நிற்கமாட்டார். தன் பந்தைத் தானே மறிக்கப் பாய்ந்து விழுவார். குறுணிக்கல் நிலத்தில் விழுந்து விழுந்து இரண்டு முழங்கையிலும் இரண்டு முழங்காலிலும் தோல் போய், காய்ந்து, திரும்பவும் போய், கடைசியில் பளபளவென்று தழும்பு நிலைத்துவிட்டது.

"விழாமல் மறிக்க ஏலாதோ, ராசா?" என்று அம்மா மருந்து போட்டபடி கேட்பார்.

"விழுந்தால் தோல் போகும் சின்னம்மா. விழாட்டி நாலு போகும்."

அது நாடே கிரிக்கெட் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம். உலகத்தையே வென்றுவிட்டோம் என்று கடைகளில் வெடி கொளுத்தினார்கள். அதே மாதங்களில்தான் கொழும்பில் குண்டுகளும் வெடித்தன. எங்கள் ஆட்களின் வீடுகளில் சுற்றிவளைப்பு நடக்கும். பெடியளை வரிசையில் நிறுத்தி, கையைச் சுருட்டி, காற்சட்டையை மேலே தூக்கிப் பார்ப்பார்கள். இயக்கத்தில் பயிற்சி எடுத்தவர்கள் நிலத்தில் ஊர்ந்திருப்பார்களாம், முழங்கையிலும் முழங்காலிலும் அடையாளம் இருக்குமாம். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெடியனிடம், இந்தக் கையால் என்ன எறிந்தாய் என்று கேட்டு அடித்ததாக அம்மா கேள்விப்பட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அண்ணா வேகமாகப் பந்து வீசுகிறவர் என்பதை வெளியாட்கள் யாரிடமும் சொல்லக் கூடாது.

"கெட்டிக்காரன் எண்டு சொல்லு, படிக்கிறவன் எண்டு சொல்லு," என்று அம்மா என்னிடம் நூறு தரம் சொல்லியிருப்பார். "எறியிற கை எண்டு மட்டும் வாய் திறந்துபோடாதை."

நான் அதைப் பாடம்போல் வைத்திருந்தேன். வீட்டில் சிங்களம் சரளமாகக் கதைக்கக் கூடியவள் நான் ஒருத்திதான். கதவைத் தட்டினால் பதில் சொல்வது என் வேலை.

அண்ணாவுக்குப் பதினெட்டு வயதானபோது, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் தேசிய அணிக்கான தெரிவுக்கு ஒரு சனிக்கிழமை வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நிமல் சேர் அதைத் தானே கையோடு கொண்டுவந்து தந்தார். அப்பா அவருக்குத் தேத்தண்ணியும் பால்கோவாவும் கொடுத்தார். அண்ணா வழமையாக அலட்டுகிறவர். அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை. நிமல் சேர் போனபிறகு, "வாசுகி, சிங்களப் பேப்பரிலை என்ரை பேரை எப்பிடி எழுதுவினம்? எழுதிக் காட்டு பாப்பம்," என்றார். எழுதிக் காட்டினேன். நீளமாக இருக்கிறது என்று கவலைப்பட்டார்.

அந்தச் சனிக்கு முந்திய வியாழக்கிழமை விடிய, எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள்.

ஆண்களைக் கீழே கேற்றடிக்கு வரச்சொன்னார்கள். ஓர் அதிகாரி மேல் மாடிக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தார். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, பாடசாலைக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தன. அவர் கோபக்காரராகத் தெரியவில்லை. புறப்படப் போனவர்தான், யன்னலால் கீழே எட்டிப் பார்த்தார். கீழே அண்ணாவின் சேட்டுக் கையைச் சுருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு என்னிடம் கேட்டார்: "நங்கி, அந்த அண்ணாவுக்கு எப்படிக் காயம் வந்தது?"

அம்மா பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்திருந்தார். நான் சொன்னேன்: "சைக்கிளிலிருந்து விழுந்தவர்."

"இரண்டு கையிலுமா? இரண்டு காலிலுமா?"

"நிறையத் தரம் விழுந்தவர்."

அதே நேரத்தில் கீழே அண்ணாவிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட் என்று அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதிகாரி இறங்கிப் போய் இரண்டு பதிலையும் ஒப்பிட்டார். பத்து நிமிடத்தில் ட்ரக் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும்போது அண்ணா எங்கள் யன்னலைப் பார்த்து, பயப்பட வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார். வலக்கை. தலைக்கு மேலே அந்தக் கை உயர்ந்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

மூன்றரை மாதம். எந்த இடம், யார் என்பதை இங்கே எழுதவில்லை. அவ்வளவு துணிவு எனக்கில்லை. அம்மாவும் நானும் சோற்றுப் பார்சலோடு போவோம். பார்சலை வாங்குவார்கள், ஆளைக் காட்டமாட்டார்கள். குற்றம் எதுவும் இல்லை என்று கடைசியில் விட்டார்கள். அப்பாவோடு ஓட்டோவில் வந்து இறங்கியவரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டித் தூக்கியிருக்கிறார்கள். அதை அவர் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனபோது, அவரிடம் சொன்னதை நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். தோள் மூட்டின் நரம்பும் சதையும் அறுந்து, அறுந்தபடியே ஒட்டிவிட்டன என்றார் டொக்டர்.

அண்ணா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இனிப் போடலாமோ, டொக்டர்?"

"என்ன போடுறது?"

"பந்து."

டொக்டர் கொஞ்ச நேரம் எழுதுகிறவர்போல் இருந்தார். "சாப்பிடலாம், எழுதலாம் தம்பி. தலைக்கு மேலை தூக்கிறது கஷ்டம்."

நிமல் சேர் விடவில்லை. இடக்கையால் பழகு என்று கூட்டிப்போனார். ஒரு மாதம் போனார்கள். ஒரு நாள் அண்ணா சப்பாத்தைக் கழற்றி அங்கேயே யாரோ ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார். "வலக்கைக்குத் தெரிஞ்சது இடக்கைக்குத் தெரியேல்லை," என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் வீட்டில் இருக்கவும் அவருக்கு விருப்பமில்லை. ஒழுங்கையில் சோடாப் பெட்டி வைத்து விளையாடுகிற சத்தம் கேட்கும்தானே. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து, ஹாஜியாரின் கடையில் கண்ணாடி வெட்டப் பழகினார்.

அந்தக் கடைக்கு வந்தவர்கள் அவருடைய பொறுமையைச் சொல்கிறார்கள். வயதானவர்கள் எழுத்துப் பலகையில் ஓர் எழுத்தைத் தவறாகச் சொன்னால், வெட்கப்படாமல் இருக்கட்டும் என்று, "அதை நானும் பிழையாத்தான் வாசிக்கிறனான் ஐயா," என்பாராம். கடையில் தொலைக்காட்சி உண்டு. வேகப்பந்து வீச்சாளர் ஓடத் தொடங்கியதும் அண்ணா எழுந்து வாசற்படிக்குப் போய்விடுவார். போட்டு முடிந்தபின் உள்ளே வந்து, "அவுட்டோ, ஹாஜியார்?" என்று கேட்பார். "நீங்க இருந்து பார்த்தாத்தானே தெரியும்," என்று ஹாஜியார் ஏசுவார். ஒன்பது வருடமும் இதே கதைதான்.

சைக்கிள் என்ற என் பதிலைப் பற்றி அவர் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அவருக்கு அது தெரியாது என்று நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. என் கலியாணத்துக்கு முந்திய கிழமை ஒரு தரம் சொல்லத் துணிந்து, "அண்ணா, அண்டைக்கு நான் மேலை நிண்டு..." என்று தொடங்கினேன். "பழசைக் கதைச்சு என்ன கண்டது? போய்த் தேத்தண்ணியைப் போடு," என்று நிறுத்திவிட்டார்.

சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்தபோது போய்ப் பெரியம்மாவைப் பார்த்து வந்தார். திரும்பவும் பாதை பூட்டியது, திரும்பவும் சுற்றிவளைப்புகள், திரும்பவும் சேட்டுக் கையைச் சுருட்டுகிற நாட்கள். என் மகள் ஆரணிக்கு இப்போது நான்கு வயது. ஓடி ஓடி விழுகிறவள். அவளுடைய முழங்காலில் தழும்பு வராமல் இருக்க நான் காலையும் மாலையும் களிம்பு பூசுகிறேன். வெளியே போனால் நீளக் காற்சட்டை. நான்கு வயதுப் பிள்ளையை யார் பிடிக்கப் போகிறார்கள் என்று கணவர் கேட்கிறார். அவளுக்கும் ஒருநாள் பதினெட்டு வயதாகும் என்று நான் சொல்கிறேன்.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்தபோது அண்ணா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கையால் அவளைத் தூக்கி மடியில் வைத்து, களிம்பைச் சேட்டால் துடைத்துவிட்டார். "நடக்கப் பழக்கினனீ, இனி ஓட விடு வாசுகி. விழுற பிள்ளை விழட்டும்." நான் எழுந்து போனேன். அவர் போனபிறகு திரும்பவும் களிம்பு பூசினேன்.

பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் அவருடைய உடலை வைத்திருந்தோம். பெரியம்மா வர வழியில்லை. கப்பலுக்கும் விமானத்துக்கும் பதிந்தவர்கள் மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள். தொலைபேசியில் அவர் அழவில்லை. "அந்தக் கை நோகாமல் தூக்கச் சொல்லு பிள்ளை," என்று மட்டும் சொன்னார். அதை நான் சுமக்க வந்தவர்களிடம் சொன்னேன். அவர்களும் அப்படியே தூக்கினார்கள்.

அதற்குச் சற்று முன்புதான் நிமல் சேர் வந்தார். நன்றாக வயதாகிவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன் பால்கோவா கொடுத்த வீட்டுச் சிறுமியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் சோடா கொண்டுபோய்க் கொடுத்தேன். சொந்தமா என்று கேட்டார். தலையாட்டினேன். கையில் சோடாவை வைத்துக்கொண்டே சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார்.

"மூன்றாம் நாளே நான் அவனைத் தேடிப் போனேன். ஸ்கோர் புத்தகம், பேப்பரில் வந்த படம், தெரிவுக் கடிதம், எல்லாம் கொண்டுபோனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் பெரிய கிரிக்கெட் பிரியர். எனக்குத் தேநீர் தந்தார். படத்தைப் பார்த்து, 'நல்ல கை' என்றார். பிறகு மல்லியின் வாக்குமூலத்தை எடுத்துக் காட்டினார். கிரிக்கெட் என்று முதலில் சொன்னது பொய், சைக்கிளில் விழுந்ததுதான் உண்மை என்று அவனே கையெழுத்து வைத்திருக்கிறான். 'இவனே இல்லை என்கிறான், நான் என்ன செய்ய?' என்று கேட்டார். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்."

நிமல் சேர் ஒரு மிடறு சோடா குடித்தார்.

"அவனை விட்டபின் கேட்டேன், ஏன் மல்லி அப்படிச் செய்தாய் என்று. வீட்டில் நங்கி பயத்தில் சைக்கிள் என்று சொல்லிவிட்டாளாம். இரண்டு கதை இருந்தால் அவளையும் கொண்டுவந்து கேட்போம் என்றார்களாம். 'அதனால் ஒரு கதையாக்கினேன் சேர்' என்றான். அவளுக்கு இது தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். அந்தச் சின்ன நங்கி இப்போது எங்கே?"

"வெளிநாட்டில்," என்றேன் நான்.

"நல்லது," என்றார். "நீங்களும் அவளுக்குச் சொல்ல வேண்டாம்."

பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம்.

இந்த மலரின் முதற் பக்கத்தில் அப்பா எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. அச்சகத்திலிருந்து வந்த படியை நான் வாசித்தேன். 'சைக்கிள் விபத்தொன்றில் தோள் பாதிக்கப்பட்டதால் விளையாட்டிலிருந்து ஒதுங்கினார்' என்று இருந்தது. அப்பாவில் குற்றமில்லை. "இந்தப் புத்தகம் ஆரின்ரை கையிலை போகுமெண்டு உனக்குத் தெரியுமோ? உனக்கும் ஒரு பிள்ளை இருக்கு," என்றார். அவர் சொன்னது சரி. எனக்கும் பயம்தான். ஆனாலும் அச்சகத்துக்குப் போய் அந்த வசனத்தை வெட்டச் சொன்னேன். "அந்த இடத்திலை என்னக்கா போட?" என்று அங்கிருந்தவர் கேட்டார். எழுதிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இவ்வளவு பிந்திவிட்டது.

நிமல் சேர், அந்த நங்கி வெளிநாட்டில் இல்லை. உங்களுக்குச் சோடா தந்தவள்தான்.

அன்று யன்னலடியில் என்னைக் கேட்டவருக்கு: அவர் கிரிக்கெட் விளையாடுகிறவர். வேகமாகப் பந்து வீசுகிறவர். சனிக்கிழமை அவருக்குத் தெரிவு இருக்கிறது. பந்தை மறிக்க விழுந்த காயங்கள் அவை. சிங்களத்தில் சொல்வதானால் மூன்று சொல் போதும், எனக்கு அந்த மூன்று சொல்லும் தெரியும். சொல்லியிருந்தால் உங்களுக்கும் அவரைப் பிடித்திருக்கும்.

இந்தப் பதிலால் இனி யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை. தோள் திரும்பி வராது, அந்தச் சனிக்கிழமை வராது, ஆள் வரமாட்டார். நான் களிம்பு பூசுவதை நிறுத்துவேன் என்றும் சொல்லமாட்டேன். எனக்கே நிச்சயமில்லாததை அண்ணாவின் பெயரால் எழுதக் கூடாது.

அண்ணா, உங்கள் தங்கச்சி சொன்னது பொய். கீழே கேற்றடியில் நீங்கள் முதலில் சொன்னதுதான் உண்மை. போய் வாருங்கள்.